பட்டினி நத்தை

தீவன லாரி ஒன்பது நாளாக வரவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் விரிசல் விழுந்ததால் கனரக வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நத்தைக் கொட்டகையின் பொறுப்பாளி பூவிழி காலையும் மாலையும் பெட்டிகளுக்குத் தண்ணீரை மட்டும் தெளித்துக்கொண்டிருந்தாள். முதல் நான்கு நாள் நத்தைகள் பெட்டியின் பலகையையே ராவிப் பார்த்தன. அப்புறம் ஒவ்வொன்றாக ஓட்டுக்குள் சுருங்கி, வாயில் வெங்காயச் சருகு போல ஒரு வெள்ளைச் சவ்வைக் கட்டி அடைத்துக்கொண்டன. அறுபது பெட்டிகளிலும் இதே கதைதான். ஊர் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தது போலிருந்தது.

கொட்டகைச் சுவரில், நத்தைகளைக் கொடுத்த நிறுவனத்தின் பலகை தொங்கியது. 'சமையலுக்கு முன் இரண்டு நாள் பட்டினி. அதற்கு மேல் கூடாது.' நத்தை வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. தின்னும் முன் அதைப் பட்டினி போட்டால் வயிற்றில் இருக்கும் மண்ணும் கழிவும் வெளியேறிவிடும். ஆனால் அதற்கு மேல் ஏன் கூடாது என்று ஐந்து வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருந்த நத்தையும் முந்தின நாளோடு தீர்ந்துபோயிற்று. பூவிழி குடியமர்வு முகாமின் அலுவலருக்குப் போன் செய்தாள்.

"இருக்கறதச் சமைங்கம்மா. ஜனங்களுக்கு எதையாவது கொடுக்கணும்ல" என்றார் வித்யாசாகர்.

அன்று மதியம் முகாமின் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒன்பது நாள் பட்டினி கிடந்த நத்தையைத் தின்றார்கள்.

மறுநாள் மாலை பூவிழியின் மகள் ஆதினி பள்ளிக்கூடத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஏழு வயது. வீட்டு வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, வயித்துக்குள்ள யாரோ சுரண்டுறாங்கம்மா."

"எங்க வலிக்குது? தொப்புளுக்கு மேலயா கீழயா?"

"வலிக்கல. சுரண்டுது. பள்ளம் தோண்டுறமாரி இருக்கு."

கெட்டுப்போன நத்தையை ஊருக்கே போட்டுவிட்டோமோ என்று பூவிழி பயந்தாள். காலையிலிருந்து அவளுக்கும் வயிறு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வாயு என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஏழு வயதுப் பிள்ளை அவ்வளவு லேசாக இருந்தது அப்போது அவள் மனதில் படவில்லை.

குடியமர்வு எட்டின் மருந்தகம் ஒரே அறைதான். நர்ஸ் ஜாஸ்பின் ஆதினியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தன் கைப்பையைத் திறந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துக் கொடுத்தாள். ஆதினி அதை மூன்றே கடியில் விழுங்கினாள். ஜாஸ்பின் இன்னொரு பழம் கொடுத்தாள். அதுவும் போயிற்று.

"இப்ப எப்படியிருக்கு பாப்பா?"

"சுரண்டல" என்று ஆச்சரியத்தோடு வயிற்றைத் தடவினாள் ஆதினி. "அது மருந்துப் பழமா சிஸ்டர்?"

ஜாஸ்பின் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"பூவிழி, இவ இங்க வந்தப்ப என்ன வயசு?"

"ரெண்டு முடியல சிஸ்டர். ஏன்?"

"அப்ப இவளுக்குத் தெரிய வாய்ப்பில்ல. உங்களுக்குமா தெரியல? இது பசி."

தலைஞாயிறு பக்கம் வயலெல்லாம் கடல் ஏறி உப்புப் பூத்து, ஊரோடு கிளம்பிப் புதுக்கோட்டைச் செம்மண் பொட்டலுக்கு வந்தபோது பூவிழிக்கு முப்பது வயது. முப்பது வருடம் பசித்த வயிறுதான். பசி எப்படியிருக்கும் என்பதையே அது ஐந்து வருடத்தில் மறந்துவிட்டிருந்தது.

"பசின்னா என்னம்மா?" என்றது பிள்ளை.

ஜாஸ்பின் கைப்பையில் இன்னொரு பழம் தேடினாள்.

ஜாஸ்பின் சொன்னதுதான் பூவிழிக்கு அதற்குப் பிறகு பல நாள் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த நத்தை உங்க ஊர் வயல் நத்தை இல்ல பூவிழி. இது தோட்டத்து நத்தை. லேப்ல மாத்தினது. நம்ம வயிறு நெறஞ்சா, போதும்னு மூளைக்கு ஒரு செய்தி போவும். அந்தச் செய்திய இந்த நத்தையே தன் குடல்ல தயாரிக்குது. இதத் தின்னவங்களுக்கு ஒருநாள் பூரா வயிறு நெறஞ்ச மாதிரியே இருக்கும். சென்னையில உடம்பு குறைக்கணும்னு நெனக்கிறவங்களுக்காகக் கண்டுபிடிச்சாங்க. ஓட்டல்ல ஒரு தட்டு ஆயிரக்கணக்குல வித்தது. அப்புறம் யாருக்கோ யோசனை வந்திருக்கு. இத முகாமுக்கு அனுப்பினா என்னன்னு."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

ஜாஸ்பின் தலையைக் குனிந்துகொண்டாள். "பசி அடங்கும்னு தெரியும். புரதமும் இருக்குன்னாங்க. நல்லதுதானேன்னு நெனச்சேன். அழுவுற புள்ளைங்கள நான் எத்தன முகாம்ல பாத்திருக்கேன் தெரியுமா? இங்க ஒரு புள்ள அழல. எனக்கு அது நிம்மதியா இருந்துச்சு."

"இப்ப மட்டும் ஏன் பசிக்குது?"

"தீவனம் இல்லாம ஒன்பது நாள் கெடந்துச்சுல்ல? குடல் காலியாயிருக்கும். அந்தச் சரக்கு தீந்துபோயிருக்கும். இப்ப அது வெறும் நத்தை."

பூவிழி மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. அவளுக்குச் செல்லையன் ஞாபகம் வந்தது.

செல்லையன் அவள் புருஷன். சூரியத் தகடுகள் பதித்த மைதானத்தில் தகடு கழுவும் வேலை. காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை. முதலில் மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை இருந்தது. யாருக்கும்தான் பசிக்கவில்லையே என்று அதை எடுத்துவிட்டார்கள். ஆட்களும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். ரேஷன் அரிசியும் அப்படித்தான் போயிற்று. மாதம் தலைக்குப் பன்னிரண்டு கிலோ கொடுத்தார்கள். பொங்கிய சோறு பானையில் கிடந்து ஊசிப்போனதால் ஜனங்களே திருப்பிக் கொடுத்தார்கள். எட்டாயிற்று, நாலாயிற்று, இப்போது இரண்டு கிலோ. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் செல்லையன் தகடுகளுக்கு நடுவில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டும்போது அவன் விலா எலும்புகளில் அவள் கை தட்டித் தட்டிப் போயிற்று. வேலையில் இளைத்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் சொல்லி அழுதாள்.

அந்த நத்தையை வளர்த்தது அவள். பப்பாளி இலையும் கோசும் நறுக்கிப் போட்டு, ஓடு கெட்டிப்பட முட்டையோட்டுத் தூள் தூவி, ஜவ்வரிசி போல இருக்கும் முட்டைகளை மண்ணிலிருந்து பொறுக்கிப் பத்திரப்படுத்தி, ஒரு சாவு விழாமல் வளர்த்தாள். அதற்காக அவளுக்குப் பொன்னாடை போர்த்தி நிறுவனத்துக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். உப்பும் புளித்தண்ணீரும் விட்டு அலசி, வேகவைத்து, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு அவளே வறுத்துச் செல்லையனுக்குப் பரிமாறியிருக்கிறாள்.

பூவிழி ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குப் போனாள். வித்யாசாகர் யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். அவருக்குப் பின்னால் மாவட்ட வரைபடத்தில் எல்லாக் குடியமர்வுகளும் பச்சை நிறத்தில் இருந்தன. அதற்குக் கீழே 'பசி விகிதம்: பூஜ்யம்' என்று எழுதியிருந்தது.

"சார், நத்தையில பசிய அமுக்கற சரக்கு இருக்குதா?"

அவர் முகம் மாறவில்லை. "சரக்கு, மருந்துன்னெல்லாம் சொல்லக்கூடாதும்மா. அது நம்ம உடம்புலயே ஊறுற விஷயம்தான். நிறைவு நத்தைன்னு பேரே வச்சிருக்காங்களே."

"எங்கள யாரும் கேக்கலயே."

"வந்த அன்னிக்கே கையெழுத்து வாங்கியிருக்கோம். பதினேழாவது பக்கத்துல இருக்கு."

"கடல் வீட்டுக்குள்ள வந்து நாலு நாள் ஆவுல சார் அன்னிக்கு. எங்க கைய எங்க வச்சீங்களோ அங்க ரேகை உருட்டுனோம்."

"பூவிழிம்மா, கோவப்படாதீங்க. மத்த மாநிலத்து முகாம்லாம் நீங்க பார்த்ததில்ல. அரிசி வண்டிய மறிக்கிறாங்க, ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிறாங்க. நம்ம கிட்ட ஒரு சண்டை உண்டா? அஞ்சு வருஷத்துல ஒரு புகார் உண்டா? நாங்க பசிய ஒழிச்சிருக்கோம்மா."

"பசிய ஒழிச்சீங்க சார். சோத்த எங்க போட்டீங்க?"

அவர் கைக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "மாசாமாசம் கணக்கெடுப்பு நடத்துறோம். 'கடந்த முப்பது நாளில் உங்களுக்குப் பசித்ததா?' ஒரே கேள்வி. எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லியிருக்கீங்க, நீங்க உட்பட. கேக்காத சோத்த நான் எந்த விதியில கேட்டு வாங்குவேன்?"

"எடை பாக்கலாம்ல? மொதல்ல பாத்தீங்களே."

"அதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துடுச்சு. மனுஷங்கள ஆடுமாடு மாதிரி நிறுக்கிறது அவங்க மாண்புக்கு எதிரானதுன்னு ஒரு கமிட்டியே சொல்லியிருக்கு."

"எம்புருஷன் செத்தாரு சார்."

"தெரியும்மா. எனக்கும் வருத்தம்தான். செல்லையன் நல்ல உழைப்பாளி." குரலைத் தாழ்த்தினார். "ஆனா நீங்க கேக்க வர்றது புரியுது. பட்டினின்னு எழுத முடியாது. சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி, பசிக்கலைன்னு அவரே ரேகை வச்சிருக்காரு. பசியே இல்லாத மனுஷன் எப்படிம்மா பட்டினியில சாவாரு?"

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. அதுதான் பூவிழியின் உடம்பைக் கொதிக்கவைத்தது. மேசைமேல் இருந்தது ஒரு நாலடுக்கு டிபன் கேரியர். முருங்கைக்காய் சாம்பார் வாசனை வந்தது. அவள் வயிறு ஒரு முறை உரக்க இரைந்தது. அந்தச் சின்ன அறையில் இருவருக்கும் கேட்டது.

"சார் நத்தை சாப்புடறதில்லயா?"

"நாங்க சைவம்மா" என்றார் வித்யாசாகர். கேரியரை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

பூவிழி எழுந்து வந்துவிட்டாள்.

அன்று மாலையே பாலத்தைச் சரிசெய்து தீவன லாரி வந்தது. பூவிழி அறுபது பெட்டிகளை இரண்டாகப் பிரித்தாள். ஒரு வரிசைக்கு இலை போட்டு, நிறுவனத்துக்கு அனுப்பும் வார எடையை அதில் மட்டும் எடுத்தாள். சமையலுக்குப் போகும் வரிசைக்குத் தீவனத்தை நிறுத்தியே வைத்தாள். தண்ணீர் மட்டும். ஒன்பது நாள் முடிந்த பெட்டிதான் சமையலறைக்குப் போகும். கூட வேலை செய்யும் சுந்தரிக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னாள். சுந்தரி பயந்தாள். "அக்கா, எல்லார்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யலாமே" என்றாள். "கேட்டா வேணாம்பாங்க" என்றாள் பூவிழி. சொல்லிவிட்டு, அலுவலரும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாளே குடியமர்வு மாறத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காரணம் தெரியாமல் அழுதார்கள். தகடு மைதானத்தில் உச்சிப்பொழுதுக்கு ஆட்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மேஸ்திரி கத்தியும் எழுந்திருக்கவில்லை. வீடுகளில் புருஷன் பெண்சாதிச் சண்டை கேட்டது. மாதத்துக்கான இரண்டு கிலோ அரிசி ஆறாம் நாளில் தீர்ந்தது. அரிசிப்பானையைச் சுரண்டும் சத்தம் ஐந்து வருடத்துக்குப் பிறகு அங்கே கேட்டது. மஞ்சள்காமாலை பரவுகிறது என்றார்கள் சிலர். தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்றார்கள் சிலர்.

பூவிழியின் வீட்டிலும் அதேதான். ஒருநாள் காலையில் ஆதினி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அந்தப் பழைய நத்தையே குடும்மா. இது வேணாம்மா. என்னால முடியலம்மா."

பூவிழி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தன் பங்குச் சோற்றை அவளுக்கு ஊட்டினாள். பிள்ளை தின்றுவிட்டு இன்னும் கேட்டது. இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. தன் வாழ்நாளிலேயே தான் செய்த பெரிய கொடுமை இதுதானோ என்று அவளுக்குத் தோன்றியது. கொட்டகைக்குப் போய்ப் பெட்டி ஒன்றில் ஒரு கட்டு இலையை அள்ளிப் போடப்போனாள். போடாமல் கீழே வைத்தாள்.

சுந்தரிதான் உளறிவிட்டாள். பத்தாம் நாள் காலை மாரிக்கண்ணு ஐம்பது அறுபது பெண்களோடு கொட்டகைக்கு வந்தாள். மூன்று பிள்ளைகளின் தாய். வந்த வேகத்தில் பூவிழியின் கன்னத்தில் அறைந்தாள்.

"எங்களக் கேட்டியாடி? எம்புள்ள மண்ண அள்ளித் திங்குதுடி! போன மாசம் வரைக்கும் சும்மா கெடந்த புள்ள!"

பூவிழி கன்னத்தைத் தடவவில்லை. "கேக்கல மாரிக்கண்ணு. தப்புதான்."

"தப்புன்னா முடிஞ்சிபோச்சா? ஒம்புருஷன் போன கடுப்ப எங்க புள்ளைங்க வயித்துல காட்டுறியா?"

"ஒன் மூத்தவன் எங்க? கூட்டிக்கிட்டு வந்திருக்கியா?"

"எதுக்கு?"

"இதுல நிப்பாட்டு." நத்தைப் பெட்டிகளை நிறுக்கும் எடை மெஷினைப் பூவிழி காலால் இழுத்து நடுவில் போட்டாள். "இந்தக் குடியமர்வுல நத்தைக்கு எடை பாக்குறாங்க. வாரம் தவறாம. அஞ்சு கிராம் குறஞ்சா ஏன்னு கேட்டு நிறுவனத்துலேர்ந்து போன் வருது. ஒம்புள்ளைக்கு யாரு பாத்தா? நிப்பாட்டு."

மாரிக்கண்ணு அசையவில்லை. அவள் மூத்தவனைச் சுந்தரிதான் கையைப் பிடித்து ஏற்றினாள். பதினேழு கிலோ. கூட்டத்தின் பின்னால் நின்ற ஜாஸ்பின் முன்னே வந்தாள்.

"இவனுக்கு என்ன வயசு?"

"ஒம்பது."

"இருபத்தஞ்சாவது இருக்கணும்" என்றாள் ஜாஸ்பின். "நாலு வயசுப் புள்ளையோட எடை இது."

அடுத்து இன்னொரு பிள்ளை ஏறியது. அடுத்து இன்னொன்று. யாரும் சொல்லாமலே பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஜாஸ்பின் ஒவ்வொரு எண்ணாக உரக்கச் சொன்னாள். பிள்ளைகளுக்குப் பிறகு தாய்மார்கள் ஏறினார்கள். மாரிக்கண்ணு கடைசியாக ஏறினாள். முப்பத்து நாலு கிலோ. இறங்கியவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் நல்லாருக்கேன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள். "கண்ணாடியில பாக்குறப்ப, சின்னப்புள்ள மாரி ஆயிட்டேன்னு அவரு கேலி பண்ணுவாரு. சிரிச்சேன்டி நான்."

பிறகு அவள் கத்தியது பூவிழியைப் பார்த்து அல்ல. அலுவலகம் இருந்த திசையைப் பார்த்துக் கத்தினாள். அந்தக் கெட்டவார்த்தைகளை அங்கிருந்த பெண்கள் ஐந்து வருடத்துக்குப் பிறகு கேட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை கணக்கெடுப்பு. அதுவரை இதே பட்டினி நத்தையே வேகட்டும் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். வழக்கமாக வித்யாசாகர் மரத்தடியில் மேசை போட்டு உட்காருவார். ஜனங்கள் வந்து 'இல்லை' என்று சொல்லி ரேகை வைத்துவிட்டுப் போவார்கள். அரை நாளில் முடிந்துவிடும். அன்று முதல் ஆளாக மாரிக்கண்ணு வந்து நின்றாள்.

"கடந்த முப்பது நாளில் உங்களுக்குப் பசித்ததா?"

"பசிக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லைன்னு போட்டுக்கவா?"

"பசிக்குதுங்கிறேன். எழுதுய்யா."

அடுத்தவரும் அதையே சொன்னார். அடுத்தவரும். தகடு மைதானத்து ஆட்கள் வேலைக்குப் போகாமல் வந்து வரிசையில் நின்றார்கள். படுக்கையில் கிடந்த இருவரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். பேச வராத கைக்குழந்தைகள் தாய்மாரின் தோளில் கிடந்து வீரிட்டு அழுதன. அவற்றுக்குக் கேள்வி தேவைப்படவில்லை. சாயங்காலத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் 'பசித்தது' என்று ரேகை வைத்தார்கள். கடைசியாக வந்தாள் பூவிழி.

"நீங்கதான் செஞ்சீங்களா?" என்றார் வித்யாசாகர். அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "நத்தைய என்ன பண்ணீங்க?"

"பட்டினி போட்டேன் சார்."

"விதிப்படி ரெண்டு நாள்தானே?"

"எழுதுங்க சார். எனக்கும் பசிக்குது."

அவர் கைக்கணினித் திரையைப் பார்த்தார். "பூஜ்யத்துலேர்ந்து ஒரே மாசத்துல நூறு. மேல இத மெஷின் கோளாறுன்னுதான் சொல்வாங்க."

"அப்ப நீங்க என்ன சொல்வீங்க?"

அவர் அன்று இரவே கணக்கை அப்படியே அனுப்பினார். அதை மட்டும் பூவிழி பிற்பாடு அவருக்காகச் சொல்வதுண்டு.

ஐந்தாம் நாள் மதியம் அரிசி லாரி வந்தது. தார்ப்பாயை அவிழ்ப்பதற்குள் ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். மாரிக்கண்ணு மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொதுச் சமையலறையில் நாலு அண்டா ஏறியது. பருப்பு இல்லை, காய் இல்லை. உப்புப் போட்ட சோறும், ஒன்பது நாள் பட்டினி கிடந்த நத்தை வறுவலும். ஜனங்கள் தரையில் உட்கார்ந்து தின்றார்கள். சோறு என்பது இவ்வளவு ருசியா என்று கிழவர்களே கேட்டார்கள். ஆதினி தட்டை வழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள். இந்த முறை போட்டார்கள். பூவிழி இரண்டு தட்டுத் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள்.

காலி மூட்டைகளை மடித்து அடுக்கும்போதுதான் கவனித்தாள். சாக்கின் அடியில் அச்சடித்த எண்ணைக் கருப்பு மையால் அடித்து, மேலே 8 என்று எழுதியிருந்தது. அடித்த இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். 7.

லாரி டிரைவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது எங்க அரிசி?"

"உங்களுக்கு வந்தது உங்க அரிசிதாம்மா."

"ஏழுன்னு போட்டிருக்கே."

"அதுவா? மேல இருக்கறதே அவ்ளோதானே. புதுசா எங்கேர்ந்து வரும்? ஏழுல தலைக்கு ரெண்டு கிலோ போயிட்டிருந்துச்சு. அத இந்த மாசத்துலேர்ந்து நிறுத்திட்டாங்க." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "அங்கதான் யாருக்கும் பசிக்கலையேம்மா."

பூவிழி சாக்கைக் கீழே போட்டாள். சமையலறைக்குள் ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாரிக்கண்ணுவின் மூத்தவன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினான். அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டும். மாரிக்கண்ணுவைத் தனியாக அழைத்துச் சொன்னாள். மாரிக்கண்ணு சாக்கை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"தின்னாச்சேடி" என்றாள்.

"ஆமா."

"மிச்சத்தத் திருப்பிக் குடுத்துரலாமா?"

"குடுத்தா அவங்க பொங்கித் திம்பாங்களா? பானையில ஊசிப்போவும்."

நாளைக்கு ஏழுக்கே போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னாள் பூவிழி. அதுவரை ஆதினியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக மாரிக்கண்ணு சொன்னாள்.

மறுநாள் காலை பூவிழி பதினான்கு கிலோமீட்டர் நடந்து குடியமர்வு ஏழுக்குப் போனாள். அதே தகர வீடுகள், அதே மரத்தடி. விளையாடும் வயதுப் பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. கொட்டகை வாசலில் நின்றவள் பொறுப்பாளி லூர்து மேரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பெட்டிகளைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தாள்.

"எட்டுலேர்ந்து வர்றேங்க்கா. பூவிழின்னு."

"ஓ, நீதானா அது?" லூர்து மேரி இடுப்பில் கை வைத்தாள். "கேள்விப்பட்டோம். உங்க ஊர்ல புள்ளைங்கல்லாம் துடிக்குதாமே. ஆளுங்க வேலைக்குப் போறதில்லயாமே. இங்கயும் அதச் செய்யத்தான் வந்தியா? எங்க புள்ளைங்க நிம்மதியா இருக்குதுங்க. அதுங்கள ஏன் அழவெக்கணும்?"

பூவிழி வழிநெடுக எத்தனையோ பேசி வைத்திருந்தாள். குடல், சரக்கு, விதி, பதினேழாம் பக்கம். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"உங்க அரிசிய நாங்க தின்னுட்டோங்க்கா" என்றாள். "நேத்து. உங்க ஊருக்கு வரவேண்டிய அரிசி. நானும் தின்னேன். ரெண்டு தட்டு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

லூர்து மேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அட, இதுக்கா இவ்ளோ தூரம் நடந்து வந்த? தின்னுட்டுப் போங்களேன். எங்களுக்குத்தான் பசிக்கலையே."

அதில் கேலி துளியும் இல்லை. அடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு பிடி கறிவேப்பிலை கொடுப்பது போல மனதாரச் சொன்னாள். சொல்லிவிட்டு, நிற்க முடியாமல் கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள். கையிலிருந்த வளையல்கள் முழங்கை வரை சரிந்தன.

பூவிழிக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"முகமெல்லாம் ஒரு மாதிரி ஆவுதே" என்றாள் லூர்து மேரி. "வெயில்ல நிக்காத. உள்ள வந்து உக்காரு."

பூவிழி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூலையில் கிடந்த எடை மெஷினை நோக்கி உள்ளே போனாள்.